டாக்டர் ஏன் இன்னும் அட்டையில் எழுதுகிறார்? மின்னணு மருத்துவப் பதிவேடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் ஆகிய ஊர்களில் தனியாக சர்ஜரி (டாக்டரின் சிறு கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நடத்தும் குடும்ப மருத்துவர்களில் பலர், நோயாளியின் விவரங்களை இன்றும் தடித்த அட்டையில் கையால்தான் எழுதுகிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் அப்படிப்பட்ட ஒரு சர்ஜரியின் முன்மேசையையும் அட்டை அலமாரியையும் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் நான். பின்னர் அதே அலமாரியைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பும் என் கைக்கு வந்தது. நோயாளிகளும், இளம் மருத்துவர்களும், இந்தியாவிலிருந்து இங்கே வந்து தொழில் தொடங்கும் தமிழ் மருத்துவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் டாக்டரிடம் ஏற்கெனவே கணினி இருக்கிறது. அவர் மின்னணுப் பதிவேட்டுக்கு மாறிவிட்டார் என்றுதானே பொருள்?

பெரும்பாலும் இல்லை. முன்மேசையில் இருக்கும் கணினி பணத்துக்கானது. மெடிக்கல் எயிட் எனப்படும் தனியார் மருத்துவக் காப்பீட்டின் உறுப்பினர் எண், வந்த தேதி, கட்டணக் குறியீடு, நோய்க்கான ஐசிடி-10 குறியீடு ஆகியவற்றைக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அனுப்பிக் கட்டணத்தைப் பெற்றுத் தருவதே அதன் வேலை. குறியீடு இல்லாத கோரிக்கைக்குத் திட்டங்கள் பணம் தருவதில்லை என்பதால், அந்தக் கணினியை டாக்டர்கள் விரும்பியோ விரும்பாமலோ வாங்கிவிட்டார்கள்.

மருத்துவப் பதிவேடு என்பது உள்ளறையில் நடப்பதைப் பற்றியது. நோயாளி என்ன சொன்னார், டாக்டர் என்ன கண்டார், எதைச் சந்தேகித்தார், எந்த மருந்தை எந்த அளவில் கொடுத்தார், ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, எந்த மருந்து ஒவ்வாது என்பவையெல்லாம் தேடி எடுக்கக்கூடிய வடிவில், தேதி வரிசையில், யார் எழுதினார் என்ற அடையாளத்துடன் இருப்பதுதான் மின்னணுப் பதிவேடு. அட்டையைப் படம் பிடித்துக் கணினியில் போட்டு வைத்தாலும் அது பதிவேடு ஆகிவிடாது. பென்சிலின் ஒவ்வாதவர்கள் யார் யார் என்று கேட்டால் அந்தப் படங்களால் விடை சொல்ல முடியாது.

மாறத் தயங்குவதற்கு வயதும் பிடிவாதமும்தான் காரணமா?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் மென்பொருள் விற்பவர்கள். நான் பார்த்தவரை அது நியாயமற்ற குற்றச்சாட்டு. அறுபது வயதைக் கடந்த டாக்டர்கள் கைப்பேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்கள், மகப்பேறு ஸ்கேன் கருவியை இயக்குகிறார்கள், பேரப்பிள்ளைகளுடன் காணொளியில் பேசுகிறார்கள். தங்களுக்குப் பயன் தெரியும் கருவியை அவர்கள் மறுத்து நான் பார்த்ததில்லை.

உண்மையான சிக்கல், செலவு ஒருவர் தலையிலும் பயன் வேறொருவர் கையிலும் இருப்பதுதான். பதிவேட்டை வாங்கும் பணம் டாக்டருடையது; தட்டச்சு செய்யும் நேரமும் அவருடையது; முதல் மாதங்களில் வரிசை நீண்டு நோயாளிகள் முணுமுணுப்பதைத் தாங்க வேண்டியவரும் அவரே. நன்மையோ நோயாளிக்கும், அவரை அடுத்துப் பார்க்கப்போகும் சிறப்பு மருத்துவருக்கும், ஒரே பரிசோதனையை இரண்டு முறை செய்யாமல் மிச்சப்படுத்தும் காப்பீட்டுத் திட்டத்துக்கும் போகிறது. இந்தக் கணக்கைச் சரிசெய்யாமல் டாக்டரைக் குறை சொல்வதில் பயனில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நிலையும் அன்று. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஒரு தேசியக் கணக்கெடுப்பின்படி, வெளிநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களில் 4 விழுக்காட்டினரிடம் மட்டுமே முழுமையான மின்னணுப் பதிவேடு இருந்தது. மேலும் 13 விழுக்காட்டினரிடம் அடிப்படை வசதி கொண்ட ஒன்று இருந்தது. பதிவேடு இல்லாதவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் பிடித்தது தொடக்கச் செலவு. தங்கள் தேவைக்குப் பொருந்தும் மென்பொருள் கிடைக்கவில்லை, போட்ட பணம் திரும்புமா என்று தெரியவில்லை, வாங்கியது சில ஆண்டுகளில் பழசாகிவிடுமோ என்ற அச்சம் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. கணினித் தொழிலின் தாய்நாட்டிலேயே நிலைமை அதுவாக இருந்தது.

பணம் எவ்வளவு பெரிய தடை?

மெடிக்கல் எயிட் உறுப்பினர்கள் இந்த நாட்டு மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர். மற்றவர்கள் அரசு கிளினிக்குக்குப் போகிறார்கள், அல்லது கையில் பணம் கொடுத்துத் தனியார் டாக்டரைப் பார்க்கிறார்கள். நம் ஊர்களில் பல சர்ஜரிகள் அப்படிக் கையில் கிடைக்கும் பணத்தை நம்பியே நடக்கின்றன. பார்ப்பதற்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே கட்டணம். மருந்து வழங்கும் உரிமம் பெற்ற டாக்டரே உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தக் கட்டணத்தை உயர்த்தினால் வேலையிழந்த குடும்பங்கள் வருவதை நிறுத்திவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

மென்பொருளின் மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு, இதுகூட முடியாதா என்று கேட்பவர்கள் மற்றச் செலவுகளை மறந்துவிடுகிறார்கள். உள்ளறைக்கு இன்னொரு கணினி, அச்சுப்பொறி, இணைய இணைப்பு, அது அறுந்தால் மாற்று இணைப்பு, மின்சாரம் போனால் இன்வெர்ட்டர், ஊழியர் பயிற்சி, பழைய அட்டைகளிலிருந்து முக்கிய விவரங்களை ஏற்றும் கூலி, இவற்றோடு தொடக்க வாரங்களில் குறைவான நோயாளிகளையே பார்க்க முடிவதால் வரும் இழப்பு என எல்லாம் சேர்ந்துதான் உண்மையான விலை.

அமெரிக்க அரசு 2009இல் ஒரு சட்டம் இயற்றி, பதிவேட்டை முறைப்படி பயன்படுத்திய மருத்துவருக்கு முதியோர் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக ஐந்தாண்டுகளில் 44,000 டாலர் வரை ஊக்கத்தொகை கொடுத்தது. அதன் பின் சில ஆண்டுகளில் அங்கே பெரும்பாலான மருத்துவர்கள் மாறிவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் தனியார் குடும்ப மருத்துவருக்கு அப்படிப்பட்ட அரசு ஊக்கத்தொகை எதுவும் இல்லை. சாட்ஸ்வொர்த் டாக்டரின் பிடிவாதத்தைப் பற்றிப் பேசுமுன் இந்த ஒரு வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணினியில் எழுதினால் நேரம் மிச்சமாகும் என்கிறார்கள். டாக்டர்களோ நேரம் போகிறது என்கிறார்கள். யார் சொல்வது உண்மை?

டாக்டர்கள் சொல்வதுதான் உண்மைக்கு நெருக்கம். குறைந்தது முதல் ஆண்டில்.

அட்டையின் வலிமை என்ன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நோயாளி கதவைத் திறந்து நாற்காலியில் உட்காருவதற்குள் டாக்டர் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிடுவார். மூலையில் சிவப்பு மையில் ஒவ்வாமை எழுதியிருக்கும். ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் வீட்டில் ஏதோ தொல்லை என்று அவருக்கு மட்டும் தெரியும். எங்கள் டாக்டர் நுரையீரல் படத்தை நான்கு கோடுகளில் வரைந்து, சத்தம் கேட்ட இடத்தில் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி சொல்வதைக் கணினியில் சொல்ல, ஐந்து பட்டியல்களைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. காலை எட்டு மணிக்கே முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், ஒருவருக்கு மூன்று நிமிடம் கூடினால் ஒன்றரை மணி நேரம் கூடிவிடுகிறது. அந்த ஒன்றரை மணி நேரம் டாக்டரின் மதிய உணவிலிருந்தோ இரவுத் தூக்கத்திலிருந்தோதான் எடுக்கப்படுகிறது.

2016இல் அமெரிக்காவில் 57 மருத்துவர்களை அருகிலிருந்து கவனித்து வெளியிட்ட ஓர் ஆய்வு, அவர்களுடைய வேலை நேரத்தில் 27 விழுக்காடு மட்டுமே நோயாளியுடன் நேருக்கு நேர் கழிந்தது என்றும், 49 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கணினிப் பதிவேட்டுக்கும் மேசை வேலைக்கும் போனது என்றும் கண்டது. நோயாளியோடு இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஈடாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் திரையும் தாளும் எடுத்துக்கொண்டன. ஊக்கத்தொகை கொடுத்து மாற்றிய நாட்டிலேயே இந்தக் குறை தீரவில்லை என்பதை நம் டாக்டர்களும் படித்திருக்கிறார்கள். அவர்களுடைய அச்சம் கற்பனையன்று.

நேரத்தைவிட நுண்மையான ஒன்றும் இருக்கிறது. நாங்கள் மாறிய முதல் வாரத்தில், முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஓர் ஆயா வெளியே வந்து, "டாக்டர் இன்னிக்கு என் மூஞ்சியே பாக்கல" என்று என்னிடம் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. திரை சுவரைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்ததால், தட்டச்சு செய்யும்போதெல்லாம் டாக்டர் நோயாளிக்கு முதுகு காட்ட வேண்டியிருந்தது. மறுநாளே மேசையைத் திருப்பிப் போட்டு, இருவரும் திரையைப் பார்க்கும்படி வைத்தோம். சர்க்கரை அளவு எப்படி ஏறியது என்பதை ஆயாவுக்கே கோட்டுப்படமாகக் காட்டியபோது, அவர் அன்று கேட்ட கேள்விகளை முப்பது ஆண்டுகளில் கேட்டிருக்க மாட்டார். மென்பொருள் அதே மென்பொருள்தான். இதற்குத் தேவைப்பட்டது மேசையை நகர்த்திய உழைப்பு மட்டும்.

மொழியும் நேரத்தைத் தின்கிறது. நோயாளி இசிசுலு (ஜூலு) மொழியில் சொல்கிறார், ஊழியர் மொழிபெயர்க்கிறார், டாக்டர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிறார். பேனாவால் எழுதும்போது நோயாளியின் சொல்லையே அப்படியே குறித்துக்கொள்ள முடிந்தது. பட்டியலில் தேர்ந்தெடுக்கும்போது அந்தச் சொல் தொலைந்துபோகிறது. ஆகவே எந்த மென்பொருளை வாங்கினாலும், கட்டுப்பாடின்றித் தட்டச்சு செய்ய ஒரு திறந்த பெட்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும்?

2007ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு நம் வாழ்க்கையின் ஒரு பகுதியாகிவிட்டது. 2023 அதன் மிக மோசமான ஆண்டாக இருந்தது. ஒரு நாளில் பல முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளக்கு அணைந்தது. 2024 மார்ச் மாத இறுதியிலிருந்து நிலைமை பெரிதும் தேறியிருந்தாலும், மின்வடக் கம்பித் திருட்டும் துணைமின்நிலையப் பழுதும் ஓயவில்லை.

மடிக்கணினி, சிறிய இன்வெர்ட்டர், ரௌட்டருக்குத் தனி பேட்டரி ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு சர்ஜரி நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பலர் மறந்துவிடுவது கைப்பேசிக் கோபுரத்தைத்தான். நீண்ட மின்தடையில் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிடுவதால், இணையத்தின் வழியாக மட்டுமே இயங்கும் பதிவேடு அப்போது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இணைப்பு இல்லாதபோதும் அன்றைய நோயாளிகளின் சுருக்கத்தைக் காட்டி, இணைப்பு வந்ததும் தானே சேர்த்துக்கொள்ளும் மென்பொருளைத்தான் இங்கே வாங்க வேண்டும். விற்பவர் இந்த வசதி உண்டென்று சொன்னால், அவர் எதிரிலேயே ரௌட்டரை அணைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கணினியில் போட்டால் இரகசியம் வெளியே போய்விடாதா?

போகக்கூடும். 2020 ஜூனில் நாட்டின் பெரிய தனியார் மருத்துவமனைக் குழுமங்களில் ஒன்றான லைஃப் ஹெல்த்கேர் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. 2024 ஜூனில் தேசிய சுகாதார ஆய்வகச் சேவையின் கணினிகள் பிணைத்தொகை கேட்கும் கும்பலால் முடக்கப்பட்டு, அரசு மருத்துவமனை மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் திரையில் பார்க்க முடியாமல் தவித்தார்கள்; அவசர முடிவுகளைத் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது. இவற்றை அறிந்த டாக்டர், தன் நோயாளிகளின் எச்ஐவி நிலையையும் மனநலக் குறிப்புகளையும் வேறொருவரின் சர்வரில் வைக்கத் தயங்குவது பொறுப்புணர்வின் அடையாளம்.

சட்டமும் சுமையை டாக்டர் மேல்தான் வைக்கிறது. போப்பியா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் கட்டாயமாகச் செயற்படுத்தப்படுகிறது. அதன்படி உடல்நலத் தகவல் தனிச்சிறப்பான பாதுகாப்புக்கு உரியது. தகவல் கசிந்தால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் நோயாளிக்கும் டாக்டர் அறிவிக்க வேண்டும். கடுமையான மீறல்களுக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறையோ, 1 கோடி ராண்ட் வரை அபராதமோ விதிக்க இடமுண்டு. இரண்டு ஊழியர்களை மட்டும் வைத்திருக்கும் ஒரு டாக்டர் இந்தச் சொற்களைப் படித்தால் அலமாரியின் பூட்டையே நம்பத் தோன்றும்.

ஆனால் அலமாரியும் பாதுகாப்பானதன்று. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பகுதியில் 400க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தத் துயரத்தின் நடுவே, நனைந்து கூழான காகிதத்தைப் பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சர்ஜரியில் கீழ்வரிசை அட்டைகள் முழுவதும் சேற்றில் போயின. இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்தவரின் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு என்ன என்பது அந்த அட்டையில்தான் இருந்தது. காகிதத்துக்குப் பிரதி கிடையாது. மின்னணுப் பதிவின் பிரதியை வேறொரு கட்டடத்தில் வைக்க முடியும். மருத்துவர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்முறைப் பேரவையும் தன் வழிகாட்டியில், பிரதியை வேறிடத்தில் வைக்க வேண்டும் என்றும், பதிவுகள் மறைகுறியாக்கமும் கடவுச்சொல்லும் கொண்டு காக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது.

முன்மேசை ஊழியர்கள் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. வெளிநாட்டுக் கும்பலைவிட எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது.

எழுதியதை மாற்றிவிட்டார் என்று வழக்கு வந்தால் கணினிப் பதிவு செல்லுமா?

கையெழுத்துப் பதிவில் ஒரு தவறு நேர்ந்தால், அதன்மேல் ஒரு கோடு போட்டு, சரியானதை எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது என்பது பேரவையின் விதி. நல்ல மின்னணுப் பதிவேடு இதையே தானாகச் செய்கிறது. யார், எந்த நிமிடத்தில், எதை எதுவாக மாற்றினார் என்ற தடம் அழியாமல் நிற்கும். அந்தத் தடத்தை அணைத்து வைக்க அனுமதிக்கும் மென்பொருளை வாங்கக் கூடாது.

மூன்று கோவிந்தர்களின் விவரங்கள் கலந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். அது எப்படி நடக்கிறது?

1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்குக் கப்பலேறி வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதன் விளைவை இன்றைய கணினிகள் சுமக்கின்றன. பிள்ளை என்ற ஒரே பெயரின் ஆங்கில வடிவம் ஒரு வீட்டில் 'ஐ' எழுத்தில் முடிகிறது, அடுத்த வீட்டில் 'ஒய்' எழுத்தில் முடிகிறது. முதலி, மூடலி, மூட்லி மூன்றும் ஒரே தெருவில் இருக்கும். நாயுடு, கோவிந்தர், ரெட்டி, செட்டி, படையாச்சி என்று சில குடும்பப் பெயர்களுக்குள்ளேயே பெரும்பாலோர் அடங்கிவிடுவதால், பெயரைக் கொண்டு தேடினால் ஒரு திரை முழுவதும் ஆட்கள் வருகிறார்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு, பதிவுப் பெயர் வேறு என்பதும் உண்டு.

அட்டை முறையில் இந்தக் குழப்பம் ஊழியரின் நினைவால் தீர்ந்தது. கணினிக்கு அந்த நினைவு இல்லை. பதின்மூன்று இலக்க அடையாள எண்ணைக் கேட்டு வாங்காமல் எவருக்கும் புதிய பதிவைத் திறக்கக் கூடாது என்பதை நாங்கள் கண்டிப்பான விதியாக வைத்தோம். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி என்பதால், நோயாளி வாயால் சொல்லும் பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடையாள எண் இல்லாத வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்துப் பதிந்தோம். இதை முதல் நாளிலேயே செய்யாமல் பின்னால் திருத்தப் புகுந்தவர்கள் மாதக்கணக்கில் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனையில் செய்த பரிசோதனை ஏன் எங்கள் டாக்டரின் கணினிக்கு வருவதில்லை?

பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பதுதான் காரணம். டர்பனின் கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்தூலி மத்திய மருத்துவமனை 2002இல் திறக்கப்பட்டபோதே காகிதமும் எக்ஸ்ரே படச்சுருளும் இல்லாத மருத்துவமனையாக வடிவமைக்கப்பட்டது. 846 படுக்கைகள் கொண்ட அந்த இடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரையில் வேலை நடக்கிறது. அங்கிருந்து வீடு திரும்பும் நோயாளி, தன் குடும்ப டாக்டரிடம் மடித்த ஒரு தாளைத்தான் கொண்டுவருகிறார்.

அமைப்புகள் ஒத்துப்போவதற்கான தேசியத் தர வரையறையை அரசு 2014இல் வெளியிட்டு, பின்னர் திருத்தியும் இருக்கிறது. அரசு கிளினிக்குகளில் தேசிய சுகாதாரத் துறையும் இந்நாட்டு அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனமும் உருவாக்கிய நோயாளி பதிவு முறை அடையாள எண்ணின் அடிப்படையில் இயங்குகிறது. 2024 மே 15 அன்று கையெழுத்தான தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் ஒரு பொதுத் தகவல் தளத்தை எதிர்பார்க்கிறது. அந்தச் சட்டமோ நீதிமன்ற வழக்குகளைச் சந்தித்திருக்கிறது. தனியார் டாக்டரின் கேள்வி எளிமையானது: நாளை அரசு எந்த முறையைக் கேட்கும் என்று தெரியாதபோது, இன்று வாங்கியதை நாளை தூக்கிப் போட வேண்டியிருக்குமா? அந்தக் கேள்விக்கு அதிகாரிகள் தெளிவான விடை சொல்லும்வரை பலர் காத்திருப்பார்கள், அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை.

பெரிய அளவில் செய்து தோற்ற அனுபவம் இந்த நாட்டில் உண்டா?

உண்டு. இன்று லிம்போப்போ என்று அழைக்கப்படும் மாகாணத்தில், 42 மருத்துவமனைகளுக்கு ஒரே கணினி முறையைக் கொண்டுவர 1990களின் இறுதியில் முயன்றார்கள். அந்த முயற்சி எண்ணியபடி நிறைவேறவில்லை. அதை மதிப்பிட்டவர்கள் 2003இல் எழுதிய காரணங்கள், இன்று சாட்ஸ்வொர்த்தில் ஒரு சர்ஜரிக்கும் பொருந்துகின்றன: மருத்துவமனையின் அன்றாட வேலை எவ்வளவு சிக்கலானது என்பதைக் குறைத்து மதிப்பிட்டார்கள், அங்கே வேலை செய்பவர்களின் பழக்கவழக்கங்களைக் கணக்கில் எடுக்கவில்லை, கேட்டவரும் செய்தவரும் பயன்படுத்தியவரும் மூன்று வெவ்வேறு பொருள்களை எதிர்பார்த்தார்கள்.

மென்பொருள் நிறுவனம் மூடப்பட்டால், அல்லது வேறொன்றுக்கு மாற விரும்பினால்?

என் அனுபவத்தில் மிகக் கசப்பான பகுதி இதுதான். நாங்கள் முதலில் வாங்கிய மென்பொருள் எங்களுக்கு ஒத்துவரவில்லை. விலக விரும்பியபோது, எங்கள் நோயாளிகளின் பதிவுகளைத் திருப்பிக் கொடுக்கத் தனிக் கட்டணம் கேட்டார்கள். கொடுத்தபின் வந்தவை, தேட முடியாத பக்கப் படங்கள். நான்கு ஆண்டுக் குறிப்புகளை நானும் இன்னொரு பெண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டதன் விலை அது.

ஆகவே விலை பேசுமுன் மூன்றைக் கேட்க வேண்டும். எங்கள் பதிவுகள் முழுவதையும் நாங்களே எந்த நேரத்திலும் இறக்கிக்கொள்ள முடியுமா? எஃப்எச்ஐஆர் போன்ற பொதுத் தர வடிவில், அல்லது குறைந்தது அட்டவணை வடிவில் அவை வருமா? ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை மாதம் படிக்க மட்டுமாவது அனுமதிப்பார்கள்? எழுத்தில் பதில் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

முன்மேசை ஊழியர்களின் வேலை போய்விடுமா?

எங்கள் சர்ஜரியில் யாருடைய வேலையும் போகவில்லை. அட்டை தேடும் நேரம் குறைந்தது. அடையாள எண் சரிபார்ப்பது, ரத்த முடிவு வந்தவர்களுக்குத் தகவல் சொல்வது, பரிசோதனைக்கு வராதவர்களைக் கூப்பிடுவது என்று வேறு வேலை வந்தது. இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அச்சத்தில் இருக்கும் ஊழியர் புதிய முறையை மெதுவாக்கிவிடுவார்.

இத்தனை தடைகள் இருக்கும்போது ஏன் மாற வேண்டும்?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2024 ஏப்ரலில், குழந்தைகளுக்கான ஒரு இருமல் சிரப்பின் இரண்டு தொகுதிகளை, அதில் நச்சுப்பொருள் இருக்கலாம் என்ற ஐயத்தால் மருந்து ஒழுங்குமுறை ஆணையம் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்தது. அறையிலேயே மருந்து கொடுக்கும் ஒரு டாக்டர், கடந்த சில மாதங்களில் அந்த மருந்தை எந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம் என்று அன்று மாலைக்குள் அறிய வேண்டுமானால், அட்டை அலமாரியில் ஆயிரக்கணக்கான அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். கணினியில் அது ஒரு தேடல்.

நம் சமூகத்தில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஓராண்டாகச் சிறுநீரகப் பரிசோதனை செய்யாதவர்கள் யார், கண் பரிசோதனைக்கு அனுப்பாதவர்கள் யார் என்று அட்டை ஒருபோதும் தானாகச் சொல்லாது. வந்தவரைப் பற்றி மட்டுமே அது பேசும். ஆபத்தில் இருப்பவரோ வராதவர்.

மாற முடிவு செய்த டாக்டர் எங்கே தொடங்க வேண்டும்?

தனக்கே உடனே பயன் தரும் இடத்தில். நாள்பட்ட நோய்களுக்கான மருந்துச்சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது என்பதால், ஒரே ஏழு மருந்துகளை ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொருவருக்கும் கையால் எழுதும் வேலை டாக்டரை வாட்டுகிறது. அந்தச் சீட்டுகளை மட்டும் முதலில் கணினிக்குக் கொண்டுவந்து, அச்சிட்டுக் கையொப்பமிடும் முறையைத் தொடங்கினால், இரண்டாவது முறையிலேயே நேரம் மிச்சமாவதை அவர் உணர்வார். சிறப்பு மருத்துவருக்கான கடிதம் அடுத்தது. நோயாளியைப் பார்க்கும்போது எழுதும் குறிப்புகளைத் தட்டச்சு செய்வதை மூன்றாவதாக, நோயாளிகள் குறைவாக வரும் வாரநாள் பிற்பகல்களில் தொடங்கலாம்.

பழைய அட்டை முழுவதையும் ஏற்ற முயலக் கூடாது. ஒவ்வாமை, தொடரும் நோய்கள், தற்போதைய மருந்துகள், செய்த அறுவை சிகிச்சைகள் ஆகிய நான்கை மட்டும், அந்த நோயாளி அடுத்த முறை வரும்போது ஏற்றினால் போதும். அதை டாக்டரே சரிபார்க்க வேண்டும். எங்கள் கையெழுத்து வாசிப்பில் மில்லிகிராம் தவறிப்போன இடங்கள் இருந்தன.

நோயாளியாகிய நான் ஏதாவது செய்ய முடியுமா?

அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள். மருந்துப் பெட்டிகளைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். உங்கள் பதிவின் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டாக்டர் திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் முதல் மாதங்களில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் அந்த ஆயாவைப் போல நேராகச் சொல்லிவிடுங்கள்.

பழைய அட்டைகளை எப்போது அப்புறப்படுத்தலாம்?

பேரவையின் வழிகாட்டுதல்படி, நோயாளியின் பதிவு செயலற்றுப்போன நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். சிறுவர்களுடையதை அவர்களுக்கு 21 வயது நிறையும்வரை. மனநிலை பாதிக்கப்பட்டு முடிவெடுக்க இயலாதவர்களுடையதை அவர்கள் வாழ்நாள் முழுவதும் வைத்திருக்க வேண்டும். ஆகவே கணினி வந்த மறுநாளே அலமாரியை விற்றுவிட முடியாது. நாங்கள் ஒவ்வொரு அட்டையின் மேல்மூலையிலும், கணினிக்கு மாறிய தேதியைப் பச்சை மையில் எழுதி, கடைசியாக வந்த ஆண்டின்படி அடுக்கி, தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு மேலே உள்ள தட்டுகளில் பூட்டி வைத்தோம். காலம் முடிந்தவற்றைக் குப்பையில் போடாமல், இயந்திரத்தில் துண்டு துண்டாக வெட்டி, எந்த அட்டைகள், எந்த நாளில், யார் முன்னிலையில் அழிக்கப்பட்டன என்பதை ஒரு பேரேட்டில் குறித்தோம்.